லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு ஞாயிறு: எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது?

மாடவீதி (கேள்வி):

வணக்கம். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் லண்டனில் கையில் இருக்கிறது. பிக்காடில்லி, ரீஜென்ட் ஸ்ட்ரீட், ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் வட்டாரத்தை மட்டும் நிதானமாகப் பார்க்க எண்ணம். பெரிதாக எதுவும் வாங்கப் போவதில்லை. கட்டடங்கள், கடிகாரங்கள், சிலைகள், பழைய கடைகளின் உட்புறம், இவைதான் வேண்டும்.

கூட வருபவர்கள்: 70 வயது அம்மா (முழங்கால் வலி, நடப்பார், படி மட்டும் ஏற முடியாது), தள்ளுவண்டியில் 4 வயதுக் குழந்தை. ஹீத்ரோ பக்கம் தங்கல்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாமே "பார்க்க வேண்டிய 20 இடங்கள்" என்று வரிசையில்லாமல் இருக்கின்றன. எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? ஞாயிறு என்பதால் ஏதாவது சிக்கல் வருமா?

கல்தச்சன்:

ஞாயிறு என்பதுதான் உங்கள் திட்டத்தையே தீர்மானிக்கப் போகிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ந்து 6 மணி நேரம்தான் வியாபாரம் செய்யலாம். வெஸ்ட் எண்டின் பெரிய கடைகள் பெரும்பாலும் 12 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்கின்றன. பல இடங்களில் பதினொன்றரைக்கே உள்ளே விட்டுவிடுவார்கள். சுற்றிப் பார்க்கலாம், பில் போடுவது மட்டும் 12-க்குப் பிறகு.

இது தெரியாமல் காலை 9 மணிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. உங்கள் நோக்கத்துக்கு அதுவே வசதி. 12 மணிக்குள் வெளிப்புறத்தை எல்லாம் பார்த்து முடியுங்கள், 12-க்குப் பிறகு உட்புறம். காலையில் நடைபாதை காலியாக இருக்கும். நின்று அண்ணாந்து பார்த்தால் யாரும் இடிக்க மாட்டார்கள். இந்தத் தெருக்களில் பார்க்க வேண்டியதெல்லாம் முதல் மாடிக்கு மேலேதான் இருக்கிறது. தரைத்தளம் முழுக்க கண்ணாடியும் விளம்பரமும்தான்.

வரிசை: பிக்காடில்லி தெரு, பிக்காடில்லி சர்க்கஸ் (வேடிக்கை சர்க்கஸ் அல்ல, தெருக்கள் கூடும் சந்திப்பு), ரீஜென்ட் ஸ்ட்ரீட், லிபர்ட்டி என்ற பழைய கடை, பிறகு மேற்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். இதற்கு வெயில் ஒரு காரணம். சர்க்கஸிலிருந்து ரீஜென்ட் ஸ்ட்ரீட் வலப்பக்கமாக வளைந்து வடக்கே திரும்பும். அந்த வளைவுக்கு குவாட்ரன்ட் என்று பெயர். சர்க்கஸில் நின்று பார்த்தால் இடப்பக்கச் சுவர்தான் நீளமாக, வில் போல, முழுதாகத் தெரியும். அது வடகிழக்கு பார்த்த முகம். காலை வெயில்தான் அதில் விழும். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் நிழலாகிவிடும், படம் எடுத்தால் வெள்ளைக்கல் சாம்பலாகத் தெரியும். செல்ஃப்ரிட்ஜஸ் ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டின் வடபக்கத்தில் இருக்கிறது, அதாவது தெற்கு பார்த்த முகம். அதன் தூண்களுக்குப் பிற்பகல் வெயில் பொருத்தம்.

குவாட்ரன்டைப் பற்றி இரண்டு வரி. 1825 வாக்கில் ஜான் நாஷ் முடித்த தெரு இது. இன்று நிற்கும் கட்டடங்கள் அவர் கட்டியவை அல்ல, வளைவு மட்டும்தான் அவருடையது. முதலில் நடைபாதையை மூடியபடி தூண் வரிசை இருந்தது. 1848-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு கட்டடங்களையும் இடித்து, போர்ட்லாந்து கல்லில் திரும்பக் கட்டி 1927-இல் முடித்தார்கள். தெரு முழுக்க ஒரே நிறமாக இருப்பதற்கு அந்தக் கல்தான் காரணம்.

படியில்லாவழி:

மேலே சொன்ன வரிசை சரி. எந்தச் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குவது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பிக்காடில்லி சர்க்கஸ் நிலையத்தில் லிஃப்ட் கிடையாது. ஆக்ஸ்போர்டு சர்க்கஸிலும் கிடையாது. மேப்பில் "மிக அருகில்" என்று காட்டும் இந்த இரண்டையும் நீங்கள் தொடவே கூடாது.

கிரீன் பார்க்கில் இறங்குங்கள். ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லி லைனில் மாறாமல் வரலாம், பிளாட்பாரத்திலிருந்து தெரு வரை லிஃப்ட் உண்டு. அங்கிருந்து பிக்காடில்லி தெருவில் கிழக்கே நேராக நடந்தால் சர்க்கஸ் ஒரு கிலோமீட்டருக்குள்தான், அந்த வழியிலேயே பாதி இடங்கள் வந்துவிடும். முதலில் வலப்பக்கம் 1906-இல் திறந்த ரிட்ஸ் ஓட்டல். பிறகு இடப்பக்கம் பர்லிங்டன் ஆர்கேட் என்ற கடைச்சந்து, அதையடுத்து ராயல் அகாடமி கலைக்கூடம். எதிர்ப்பக்கம் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்ற பழைய கடை, ஹேட்சர்ட்ஸ் புத்தகக்கடை (1797, லண்டனில் பழையது அதுதான்), பிறகு செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம்.

திரும்புவதற்கு பாண்ட் ஸ்ட்ரீட். அங்கே ஜூபிலி, சென்ட்ரல், எலிசபெத் மூன்று லைனுக்கும் லிஃப்ட் இருக்கிறது. எலிசபெத் லைன் நேராக ஹீத்ரோ போகும். ஏறத்தாழ அரை மணி நேரம். பிக்காடில்லி லைனில் அதே தூரம் 50 நிமிடத்துக்கு அருகில் ஆகும், ஆனால் கட்டணம் குறைவு. காலையில் பிக்காடில்லி லைனில் வாருங்கள், களைத்த பிறகு எலிசபெத் லைனில் போங்கள்.

எலிசபெத் லைனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிளாட்பாரம் 200 மீட்டருக்கு மேல் நீளம். பாண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு முனையில் டேவிஸ் ஸ்ட்ரீட் வாசல், மறு முனையில் ஹானோவர் ஸ்கொயர் வாசல். செல்ஃப்ரிட்ஜஸ் பக்கம் என்றால் டேவிஸ் ஸ்ட்ரீட், ரீஜென்ட் ஸ்ட்ரீட் பக்கம் என்றால் ஹானோவர் ஸ்கொயர். மாறி ஏறிவிட்டால் மூட்டு வலிக்காரர்களுக்கு வீணாக ஒரு நடை.

பஸ் எல்லாமே தாழ்தளம், சாய்பலகை உண்டு. தள்ளுவண்டியை நடுவாசல் பக்கத்து இடத்தில் மடிக்காமல் நிறுத்தலாம். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் அந்த இடத்தில் முன்னுரிமை அவர்களுக்கு, நீங்கள் வண்டியை மடிக்க வேண்டும். அதனால் ஒரே இழுப்பில் மடியும் வண்டியாக எடுத்துப் போங்கள்.

பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். கான்டாக்ட்லெஸ் கார்டோ போனோ போதும். ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்டணும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். காலையில் கார்டைத் தட்டிவிட்டு மாலையில் அதே கார்டைப் போனில் வைத்துத் தட்டினால் கணினி இரண்டையும் வேறு வேறு ஆளாகக் கணக்கிடும். ஒரு நாளுக்கு இதற்கு மேல் வசூலிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்பு கிடைக்காது. ஒரே பயணத்தில் உள்ளே போக ஒன்றும் வெளியே வர மற்றொன்றும் தட்டினால் அதிகபட்சக் கட்டணமும் விழும். குழந்தைக்குக் கட்டணம் இல்லை, அகலக் கதவு வழியாகக் கூட்டிப் போங்கள்.

மாடவீதி:

மிக்க நன்றி, கிரீன் பார்க் என்று முடிவு செய்தாயிற்று. கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. ஃபோர்ட்னம் கடிகாரம், லிபர்ட்டி கடிகாரம் இரண்டையும் எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம்? பர்லிங்டன் ஆர்கேட் ஞாயிறு காலை திறந்திருக்குமா?

கல்தச்சன்:

ஆர்கேடை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறன்று அது தாமதமாகத்தான் திறக்கும், காலையில் இரும்புக் கதவு சாத்தியிருக்கும். நீங்கள் கடந்து போகும் நேரத்தில் கம்பி வழியாகத்தான் பார்க்க முடியும். 1819-இல் திறந்த, கண்ணாடிக் கூரை போட்ட கடைச்சந்து அது. உயரத் தொப்பி வைத்த காவலர்களை பீடில்கள் என்பார்கள். உள்ளே சீட்டி அடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, குடை விரிக்கக் கூடாது என்ற பழைய விதிகளைக் காப்பது அவர்கள்தான். குழந்தை ஓடினால் மெதுவாகச் சொல்லி நிறுத்துவார்கள். இதைப் பார்த்தே தீரணும் என்றால் வேறொரு நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு வரிசையைக் குலைக்காதீர்கள்.

கடிகாரங்கள் இரண்டும் மணிக்கு ஒரு முறை இயங்குபவை. அதனால் நாளை அவற்றைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். காலை 10-க்கு ஃபோர்ட்னம், பகல் 12-க்கு லிபர்ட்டி என்று வைத்துக்கொண்டால் நடுவில் உள்ளவை தாமாக அமைந்துவிடும்.

ஃபோர்ட்னம் கடிகாரம் 1964-இல் வைத்தது. கடை 1707-இல் தொடங்கியது. மணி அடிக்கும்போது முகப்பிலுள்ள சின்னக் கதவுகள் திறந்து ஏறத்தாழ 4 அடி உயரமுள்ள இரண்டு பொம்மைகள் வெளியே வரும். ஒன்று திரு. ஃபோர்ட்னம், இன்னொன்று திரு. மேசன். ஒருவர் கையில் தேநீர்த் தட்டு, மற்றவர் கையில் மெழுகுவர்த்தித் தண்டு. ஒருவரையொருவர் பார்த்துத் தலை வணங்கிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கடை வாசலில் நின்றால் ஒன்றும் தெரியாது, கழுத்துதான் வலிக்கும். எதிர்ப்பக்க நடைபாதையில், ராயல் அகாடமி வாசலருகே, 3 நிமிடம் முன்னதாக நில்லுங்கள். டபுள் டெக்கர் பஸ் வந்து மறைத்தால் இரண்டடி நகர இடம் இருக்கட்டும்.

அது முடிந்ததும் சாலையைக் கடந்து செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். கிறிஸ்டோபர் ரென் கட்டியது, 1684. கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்குக்கு 1757-இல் ஞானஸ்நானம் நடந்தது இங்கேதான். ஞாயிறு காலை வழிபாடு இருக்கும் என்பதால் உள்ளே சுற்ற முடியாமல் போகலாம். முற்றத்தில் அம்மா உட்கார்ந்து கொள்ள நல்ல இடம்.

பத்தரைக்குள் பிக்காடில்லி சர்க்கஸ். நடுவில் இறக்கையுடன் நிற்கும் சிலையை எல்லோரும் ஈராஸ் (கிரேக்கக் காதல் கடவுள்) என்பார்கள். சிற்பி ஆல்ஃபிரட் கில்பர்ட் மனதில் வைத்தது அவன் தம்பி ஆன்டெராஸை. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஏழைகளுக்குச் செய்த தொண்டுக்கான நினைவு நீரூற்று அது, 1893-இல் திறந்தது. சிலை அலுமினியத்தில் வார்த்தது, அந்தக் காலத்துக்கு அது புதுமை. அருகே போய்ப் பார்த்தால் வெண்கலப் பீடத்தின் பச்சைக்கும் சிலையின் மங்கிய வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

சர்க்கஸில் ஒளிரும் பெரிய விளம்பரத் திரைகளுக்காக இரவு வரை காத்திருக்க வேண்டாம். ஜூனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகும். குழந்தையையும் அம்மாவையும் அதுவரை நிறுத்திவைப்பது நியாயமில்லை. டிசம்பர் என்றால் 4 மணிக்கே இருட்டிவிடும், அப்போது பார்ப்பதுதான் அழகு.

வளைவுமுனை:

லிபர்ட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். சர்க்கஸிலிருந்து ரீஜென்ட் ஸ்ட்ரீட் வழியே வடக்கே ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. போகிற வழியில் இடப்பக்கம் ஒரு சந்து தள்ளினால் சாவில் ரோ. அங்கே 3-ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் பீட்டில்ஸ் குழு 1969 ஜனவரி 30 அன்று கடைசியாகப் பொது இடத்தில் சேர்ந்து வாசித்தது. வெளியே ஒரு பலகைதான் இருக்கும், 5 நிமிட வேலை.

லிபர்ட்டியை ரீஜென்ட் ஸ்ட்ரீட் பக்கம் தேடினால் கிடைக்காது. அங்கே நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 1920-களில் ரீஜென்ட் ஸ்ட்ரீட் முகப்பு கல்லில்தான், செவ்வியல் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று நிலத்துக்கு உரிமையான அரச எஸ்டேட் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் அவர்கள் விரும்பிய டியூடர் பாணி மரக்கட்டடத்தைப் பின்னால் கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட்டில் 1924-இல் கட்டினார்கள். கறுப்பு மரச் சட்டம், வெள்ளைச் சுவர், உச்சியில் பொன்முலாம் பூசிய கப்பல் வடிவக் காற்றுத் திசைகாட்டி. மரம் எல்லாம் எச்.எம்.எஸ். இம்ப்ரெக்னபிள், எச்.எம்.எஸ். ஹிந்துஸ்தான் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை உடைத்து எடுத்தது.

பன்னிரண்டு அடிக்க 5 நிமிடம் இருக்கும்போது கிங்லி ஸ்ட்ரீட் முனைக்குப் போங்கள். தெருவுக்கு மேலே பாலம் மாதிரி கடக்கும் வளைவில் கடிகாரம் இருக்கிறது. அதன் மேலே புனித ஜார்ஜும் டிராகனும். மணி அடிக்கும்போது இரண்டும் அசையும். கீழே "போன நிமிடம் மீண்டும் வராது, வீணாக எதுவும் செய்யாதே" என்ற பொருளில் இரண்டு வரி. சின்ன உருவங்கள்தான், போனில் பெரிதாக்கிப் பார்த்தால் குழந்தைக்குக் காட்டலாம்.

உள்ளே போனதும் துணி அடுக்குகளைப் பார்க்க நின்றுவிடாதீர்கள். கடையை மூன்று ஒளிமுற்றங்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், நம் பக்கத்துப் பழைய வீடுகளின் முற்றம் போலத்தான், மேலே கண்ணாடிக் கூரை. லிஃப்டில் மேல் மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் கப்பல் மரத்தில் செதுக்கிய கைப்பிடி, தூண், உத்தரம். மரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தால் இழைப்புளி போன மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும். மேலிருந்து கீழே தளம் தளமாக இறங்கி வருவதுதான் சரியான முறை. கீழிருந்து ஏறினால் முதல் தளத்திலேயே கூட்டத்தில் மாட்டி மேலே போகாமல் திரும்பிவிடுவோம்.

கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட் முகப்பு வடக்கு பார்த்தது. எந்த நேரத்திலும் நேர் வெயில் கிடைப்பது கஷ்டம், அதனால் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே கார்னபி ஸ்ட்ரீட், வண்டி போகாத தெரு. தள்ளுவண்டிக்கு நிம்மதி.

படியில்லாவழி:

மதியத்துக்கு மேல் ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் நடைபாதையில் தள்ளுவண்டி நகராது. லிபர்ட்டியிலிருந்து செல்ஃப்ரிட்ஜஸ் போக அந்தத் தெருவைத் தவிர்த்து, ஹானோவர் ஸ்கொயர் வழியாக புரூக் ஸ்ட்ரீட் பிடியுங்கள். அங்கே 25-ஆம் எண்ணில் இசையமைப்பாளர் ஹாண்டல் 1723 முதல் 1759-இல் இறக்கும் வரை வாழ்ந்தார். அடுத்த கதவு 23-இல் 1968, 69-இல் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இரண்டும் சேர்ந்து இப்போது அருங்காட்சியகம். வெளியே இருந்து இரண்டு நீலப் பலகைகளைப் பக்கம்பக்கமாகப் பார்ப்பதே போதும்.

செல்ஃப்ரிட்ஜஸை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். 1909-இல் திறந்தது. நடு வாசலுக்கு மேலே கப்பல் முகப்பில் நிற்கும் "காலத்தின் ராணி" சிலை, அதற்கு மேல் இரட்டை முகக் கடிகாரம், 1931-இல் வைத்தது. வாசலில் நுழைகிறவர்களில் பாதிப் பேர் தலைக்கு மேலே அது இருப்பதைக் கவனிப்பதே இல்லை.

அம்மா உட்கார வேண்டிய நேரம் அப்போது வந்துவிடும். செல்ஃப்ரிட்ஜஸுக்குப் பின்னால் 5 நிமிட நடையில் மான்செஸ்டர் ஸ்கொயர், அங்கே வாலஸ் கலெக்ஷன் என்ற கலைக்கூடம். இலவசம், ஞாயிறும் மாலை 5 வரை. பட்டுச் சுவர்களில் ஃப்ரான்ஸ் ஹால்ஸ், ஃப்ராகனார் ஓவியங்கள், நடுவில் கூரை போட்ட முற்றம், உட்கார இருக்கை, கழிவறை எல்லாம் உண்டு. மழை வந்தால் வெளியே பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு முன்னதாகவே இங்கே வந்துவிடுங்கள். இந்த வட்டாரத்தில் கூட்டமே இல்லாத ஒரு நல்ல இடம் இது, வெறும் இளைப்பாறும் இடமாக மட்டும் நினைக்க வேண்டாம்.

வேறு எங்காவது அவசரம் என்றால் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் மேல் மாடிக் கழிவறைதான் வழி. நிலையங்களை நம்ப முடியாது.

தெருவிளக்கு:

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தத் தெருக்களில் சைக்கிளிலோ மின்சைக்கிளிலோ வந்து கையிலிருக்கும் போனைப் பறித்துப் போவது நடக்கிறது. சாலையோர விளிம்பில் நின்று மேப் பார்ப்பவர்கள்தான் இலக்கு. நின்று பார்ப்பதென்றால் கட்டடச் சுவரோரம் ஒதுங்கி, சாலைக்கு முதுகு காட்டாமல் நில்லுங்கள். அண்ணாந்து படம் எடுக்கும்போது இன்னும் கவனம், மணிக்கட்டுக் கயிறு உதவும்.

விளக்கும் பாட்டும் போட்டு வரும் மூன்று சக்கர ரிக்ஷாவில் குழந்தை ஏறக் கேட்கும். மொத்தத் தொகை எவ்வளவு, அது ஆளுக்கா வண்டிக்கா என்று ஏறுமுன் வாயால் சொல்லவைத்துக் கொள்ளுங்கள்.

ஏதாவது வாங்கினால் விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 2021 தொடக்கத்திலிருந்து லண்டனில் வாங்கிக் கையோடு எடுத்துப் போகும் பொருளுக்கு வாட் திருப்பித் தருவதில்லை. கார்டு மெஷின் "பவுண்டா, உங்கள் நாட்டுப் பணமா" என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

மாடவீதி:

எல்லோருக்கும் நன்றி. 9.15 கிரீன் பார்க், 10 ஃபோர்ட்னம், 10.30 சர்க்கஸ், 12 லிபர்ட்டி, 2.30 செல்ஃப்ரிட்ஜஸ், 3 வாலஸ், 5 பாண்ட் ஸ்ட்ரீட். தெருவில் போனை எடுக்காமல் வழி பார்க்க ஏதாவது வழி உண்டா?

வளைவுமுனை:

உண்டு. தெருமுனைகளில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், தலையில் மஞ்சள் பட்டை உள்ள பலகைகளைப் பாருங்கள். 5 நிமிட நடை எதுவரை, 15 நிமிட நடை எதுவரை என்று வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் வடக்கு மேலே இருக்காது. நீங்கள் எந்தத் திசை பார்த்து நிற்கிறீர்களோ அதுவே மேலே. பலகையின் மறுபக்கம் போனால் மேப்பும் திரும்பியிருக்கும். வீட்டு மேப் பழக்கத்தில் "மேலே வடக்கு" என்று எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் நடப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பலகையைப் பார்த்தபடி நின்று, அதில் இடது என்றால் உங்கள் இடது கைப்பக்கமே நடங்கள்.

நேரத்தில் ஒரு திருத்தம்: 10.30-இலிருந்து 12 வரை சர்க்கஸுக்கும் லிபர்ட்டிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் நடைக்கு அது சரியாக இருக்கும், ஆனால் சாவில் ரோவில் 11.15-க்கு மேல் நிற்காதீர்கள்.